போத்தலில் வளர்ந்த நிலவேம்பு கசக்குமா?

திசு வளர்ப்பில், அதாவது செடியின் சிறு துண்டைக் கிருமியில்லாத போத்தலில் வைத்து வளர்ப்பதில், உருவான மூலிகைச் செடி என்று சொன்னதும் நம்மவர்களிடையே இரண்டு பேச்சுகள் கிளம்பும். "கண்ணாடிப் போத்தலுக்குள்ள சர்க்கரைத் தண்ணி குடிச்சு வளர்ந்ததுல என்ன சத்து இருக்கப் போகுது?" என்பது ஒன்று. "லேப்ல வளர்த்தது, கிருமியே கிடையாது, அதனால வீரியம் அதிகம்" என்பது இன்னொன்று. முதலாவதைச் சிங்கப்பூரின் தேக்காச் சந்தையில் வல்லாரைக் கட்டு பொறுக்கும் இடத்தில் கேட்கலாம். இரண்டாவது, மூலிகைப் பொடி விற்கும் வாட்ஸ்அப் செய்திகளில் வந்து விழும். இரண்டையும் சொல்பவர்கள் உறுதியோடுதான் சொல்கிறார்கள். எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. ஆனால் ஏன் ஒப்பவில்லை என்று ஒரே வரியில் சொல்லவும் முடியவில்லை. மருந்து என்பது செடியில் எங்கே, எப்போது, எதனால் உண்டாகிறது என்ற கேள்விக்குள் போகாமல் இதற்குப் பதில் கிடையாது. அங்கே போவதற்குப் போத்தலுக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது.

போத்தல் செடி இந்த ஊருக்குப் புதிதே அல்ல. பூமலை என்று நாம் சொல்லும் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த எரிக் ஹோல்ட்டம் 1928இல் ஆர்க்கிட் கலப்பினப் பணியைத் தொடங்கியபோது, விதைகளைக் கண்ணாடிக் குடுவைகளில்தான் முளைக்க வைத்தார். ஆர்க்கிட் விதை தூசியைப் போன்றது. முளைப்பதற்கான உணவுச் சேமிப்பு அதனிடம் இல்லை. காட்டில் ஒரு பூஞ்சை அதற்குச் சோறு ஊட்டும். அந்தப் பூஞ்சை இல்லாமலே, சர்க்கரை கலந்த அகாரில் அதை முளைக்க வைக்கலாம் என்று லூயிஸ் நுட்சன் 1922இல் காட்டியிருந்தார். இங்கே காட்டில் அற்றுப்போயிருந்த புலி ஆர்க்கிட்டும் இப்படிக் குடுவையில் வளர்ந்துதான் நம் சாலையோர மரங்களுக்குத் திரும்பி வந்தது. ஆனால் ஆர்க்கிட்டுக்கும் மூலிகைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஆர்க்கிட் பூத்துவிட்டால் வேலை முடிந்தது, கண் பார்த்துச் சொல்லிவிடும். மூலிகை பச்சைப்பசேல் என்று நின்றாலும் அதற்குள் சரக்கு, அதாவது மருந்துப் பொருள், இருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. சந்தேகம் முளைப்பது இந்த இடத்தில்தான்.

சர்க்கரைத் தண்ணீர் என்பது எவ்வளவு உண்மை

உலகில் பெரும்பாலான மூலிகைத் திசு வளர்ப்பு, 1962இல் தோஷியோ முராஷிகேயும் ஃபோக் ஸ்கூக்கும் புகையிலைத் திசுவுக்காக வகுத்த உப்புக் கலவையில் நடக்கிறது. எம்எஸ் ஊடகம் என்பார்கள். ஒரு லிட்டருக்கு அம்மோனியம் நைட்ரேட் 1650 மி.கி., பொட்டாசியம் நைட்ரேட் 1900 மி.கி., கால்சியம் குளோரைடு 440 மி.கி., மக்னீசியம் சல்பேட் 370 மி.கி., பொட்டாசியம் பாஸ்பேட் 170 மி.கி.; பிறகு இரும்பு, துத்தநாகம், போரான் போன்ற நுண்சத்துகள், 100 மி.கி. இனோசிட்டால், சில வைட்டமின்கள். தனித்தனியாக நிறுக்க வேண்டியதில்லை. உப்பும் வைட்டமினும் சேர்ந்த பொடியாகவே கிடைக்கிறது, லிட்டருக்கு ஏறத்தாழ 4.4 கிராம். அதோடு 30 கிராம் வெள்ளைச் சர்க்கரை, 8 கிராம் அகார். அகார் என்ற சொல்லே மலாய்ச் சொல்தான். பேரங்காடியில் பலகாரத்துக்கு விற்கும் அகார்-அகார் பொடியும், சர்க்கரையும் நிறமும் சேர்க்காததாக இருந்தால், தொடக்கநிலை வேலைக்குப் போதும். இறுகும் தன்மை பொட்டலத்துக்குப் பொட்டலம் மாறுவதால் முதலில் 100 மி.லி. மட்டும் காய்ச்சிப் பார்த்துக்கொள்வது நல்லது. குழாய்த் தண்ணீர் வேண்டாம். நம் குழாய் நீரில் குளோரமினும் ஃபுளூரைடும் உண்டு, காய்ச்சினாலும் குளோரமின் எளிதில் போகாது. காய்ச்சி வடித்த நீர்தான் சரி.

அகாரைச் சேர்க்கும் முன்பே பிஎச் அளவை 5.7 அல்லது 5.8க்குக் கொண்டுவர வேண்டும். 5க்குக் கீழே போனால் அகார் இறுகாமல் கஞ்சியாக நிற்கும். 6ஐத் தாண்டினால் இரும்புச்சத்து செடிக்கு எட்டாமல் போகத் தொடங்கும், ஊடகமும் கல்லாகிவிடும். ஒரு போத்தலுக்கு 25 முதல் 30 மி.லி. ஊற்றினால் லிட்டருக்கு முப்பத்து மூன்று முதல் நாற்பது போத்தல் வரை வரும். 121 டிகிரி செல்சியஸில், 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில் 20 நிமிடம். ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கிருமிநீக்கி இல்லாதவர்களுக்கு நம் வீட்டுக் குக்கரே போதும், அதன் எடை ஏறத்தாழ அந்த அழுத்தத்தில்தான் விசில் அடிக்கும். முதல் விசிலுக்குப் பிறகு தீயைக் குறைத்து நேரம் எண்ணத் தொடங்க வேண்டும். மூடிகளைக் கால் சுற்றுத் தளர்த்தி வைக்க வேண்டும். குக்கரைத் தண்ணீரில் காட்டி அவசரமாக ஆற்றினால் உள்ளே ஊடகம் பொங்கி மூடியை நனைத்துவிடும். அப்படி நனைந்த மூடி, பூஞ்சைக்குப் பாய் விரித்துக் கொடுத்தது போலத்தான்.

ஆக, சர்க்கரைத் தண்ணீர் என்ற பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. போத்தலுக்குள் வெளிச்சம் குறைவு, கரியமில வாயுவும் அடைபட்டுத் தீர்ந்துபோகிறது. அந்தச் செடி தன் உணவைத் தானே சமைப்பது மிகக் குறைவு. நாம் கொடுக்கும் 30 கிராம் சர்க்கரையில்தான் வாழ்கிறது. இந்த ஒரு செய்தி பின்னால் தாழ்வாரத்தில் செடியை இறக்கும்போது நம்மிடம் கணக்கு கேட்கும்.

துண்டைச் சுத்தம் செய்வது

பெரும்பாலானோர் கைவிடும் இடம் இதுதான். முதல் தொகுதியில் பாதி போத்தல் அழுகினால் அது தோல்வியே அல்ல, சாதாரணம். நமது ஊரின் ஈரமும் வெப்பமும் செடிக்குப் பிடித்ததுபோலவே பூஞ்சைக்கும் பிடிக்கும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வெளியே நனைந்த செடியிலிருந்து துண்டு எடுப்பது வீண் வேலை. தாய்ச்செடியை இரண்டு மூன்று வாரம் மழை படாத இடத்துக்குக் கொண்டுவந்து, இலையில் தண்ணீர் தெளிக்காமல் வேருக்கு மட்டும் ஊற்றி, அதற்குப் பின் புதிதாக வளர்ந்த தண்டிலிருந்து துண்டு எடுத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கணு ஒன்று நடுவில் இருக்கும்படி 2 செ.மீ. துண்டு. பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்ட தண்ணீரில் அலசி, ஓடும் குழாயடியில் 30 நிமிடம். பிறகு 70 விழுக்காட்டு எத்தனாலில் 30 விநாடி. 95 விழுக்காடு இன்னும் வலுவாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. தண்ணீர் கலந்தால்தான் ஆல்கஹால் நுண்ணுயிருக்குள் இறங்கி வேலை செய்யும். அடுத்தது ப்ளீச். போத்தலில் 5 விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட் என்று போட்டிருந்தால் 1 பங்குக்கு 4 பங்கு தண்ணீர். நீர்ப்பிரமி, வல்லாரை போன்ற மென்தண்டுக்கு 8 நிமிடம், கட்டைத்தண்டுக்கு 15 நிமிடம். பிறகு கிருமி நீக்கிய தண்ணீரில் நான்கு முறை அலசி, ப்ளீச் பட்டு வெளுத்த இரு முனைகளையும் வெட்டிவிட்டு, நடுத்துண்டை மட்டும் ஊடகத்தில் நட வேண்டும். இந்தியக் கல்லூரிச் செய்முறைகளில் 0.1 விழுக்காடு மெர்க்குரிக் குளோரைடு என்று இருக்கும். சுத்தமாக்குவதில் அது கெட்டி என்பது உண்மைதான். ஆனாலும் வீட்டிலோ சமூக மன்ற வகுப்பிலோ அதைத் தொடவே கூடாது என்று உறுதியாகச் சொல்வேன். தொட்டி நீரில் கொட்ட முடியாத பாதரச விஷம் அது. தின்னப்போகிற செடிக்கு அதைக் கொண்டு தொடக்கம் செய்ய எந்த நியாயமும் இல்லை.

அழுகல் வந்தால் அது எங்கே தொடங்கியது என்று பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். பஞ்சு போன்ற பூஞ்சை துண்டின் மேலிருந்தே கிளம்பினால் ப்ளீச் போதவில்லை. துண்டுக்குத் தொலைவில், ஊடகத்தின் ஓரத்தில் புள்ளியாகத் தொடங்கினால் கையோ காற்றோ மூடியோ காரணம். பெரும்பாலும் 3 முதல் 7 நாளுக்குள் இரண்டும் தெரிந்துவிடும். மூன்றாவது வகைதான் மோசமானது. எல்லாம் நன்றாக இருக்கும், இரண்டு மூன்று முறை மாற்றி நட்ட பிறகு தண்டின் அடியைச் சுற்றிப் பால் கலங்கியது போல ஒரு வளையம் தோன்றும். இது செடியின் உள்ளே குடியிருக்கும் பாக்டீரியா. சேற்றிலும் வாய்க்கால் ஓரத்திலும் வளர்ந்த நீர்ப்பிரமியிலும் வல்லாரையிலும் அடிக்கடி வரும். வெளிப்புற ப்ளீச் அதை எட்டாது. நுனி மொட்டை மட்டும் அரை செ.மீ. அளவுக்கு வெட்டி மறுபடி தொடங்குவதே வழி. போத்தல்கள் ஒவ்வொன்றாக, ஒரு வரிசையாகக் கெட்டுக்கொண்டே போனால் அடுக்கில் எறும்போ சிலந்திப்பேனோ இருக்கிறது என்று பொருள். காலில் பூஞ்சை விதையோடு மூடி இடுக்கு வழியாக அவை உள்ளே போகும். அடுக்கின் கால்களைச் சுற்றி இருபுறம் ஒட்டும் நாடா ஒட்டினால் நிற்கும்.

லேமினர் ஃப்ளோ என்ற, வடிகட்டிய காற்று வீசும் மேசை இல்லாமல் செய்ய விரும்புவோருக்கு, பக்கத்தில் கை நுழைய இரண்டு ஓட்டை போட்ட தெளிவான பிளாஸ்டிக் பெட்டி போதும். மின்விசிறியையும் குளிர்சாதனத்தையும் அணைத்து 20 நிமிடம் காற்று படிந்த பிறகு கை வைக்க வேண்டும். பெட்டிக்குள் எத்தனாலைத் தெளித்துவிட்டு அதே இடத்தில் தீ ஏற்றுவது பெரிய ஆபத்து. மூடிய பெட்டிக்குள் சுடரே வேண்டாம். கத்தியையும் இடுக்கியையும் குக்கரிலேயே வேகவைத்து உறையோடு எடுத்து வையுங்கள்.

மொட்டு வழி, காலஸ் வழி

ஹார்மோன் கணக்கின் அடிப்படையை 1957இல் ஸ்கூக்கும் மில்லரும் சொல்லிவிட்டார்கள். சைட்டோகைனின், ஆக்சின் என்று இரண்டு வகைச் செடி ஹார்மோன்கள்; சைட்டோகைனின் மிகுந்தால் தளிர், ஆக்சின் மிகுந்தால் வேர், இரண்டும் நடுவாந்தரமாக இருந்தால் உருவமற்ற திசுத்திரள், அதாவது காலஸ். தளிருக்குப் பெரும்பாலும் பென்சைல் அடினின் என்ற சைட்டோகைனின் பயன்படுகிறது. 10 மி.கி. எடுத்து, சில சொட்டு சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்து, தண்ணீர் சேர்த்து 10 மி.லி. ஆக்கினால் அதன் 1 மி.லி. ஒரு லிட்டருக்கு 1 மி.கி. என்ற அளவைத் தரும். நீர்ப்பிரமிக்கு 0.5 முதல் 1 மி.கி. தாராளம், ஹார்மோனே இல்லாமலும் வேர் விடும் அளவுக்கு அது இணக்கமான செடி, புதிதாகக் கற்பவர் இதில்தான் தொடங்க வேண்டும். வல்லாரைக்கு 2 மி.கி. பென்சைல் அடினினோடு 0.1 மி.கி. நாப்தலின் அசெட்டிக் அமிலம் என்ற ஆக்சின் வைத்துத் தொடங்கலாம். திப்பிலிக்கு 1 மி.கி. இவையெல்லாம் தொடங்கும் அளவுகள்தான், ஒரே இனத்திலும் செடிக்குச் செடி மாறும். தசமப் புள்ளியில் தவறினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1க்குப் பதில் 10 போட்டால் தளிர்கள் குட்டையாக, ஈரம் கோத்து, கண்ணாடி போல ஒளி ஊடுருவி நிற்கும். தொட்டால் பொடியும். ஊடகம் தளர்வாக இருந்தாலும், மூடி காற்று புகாமல் இறுகி இருந்தாலும் இதேதான் நடக்கும். ஹார்மோனைப் பாதியாக்கி, அகாரை 9 கிராமாக்கி, மூடியில் 5 மி.மீ. துளை போட்டு மருந்துக்கடைக் காகித நாடா இரண்டு அடுக்கு ஒட்டினால் அடுத்த சுற்றில் பெரும்பாலும் தேறும். வேப்ப மரம், அசோகு போன்ற மரவகைகளில் வெட்டிய இடத்திலிருந்து பழுப்புச் சாறு கசிந்து துண்டையே கொல்லும். லிட்டருக்கு 100 மி.கி. அஸ்கார்பிக் அமிலம் சேர்த்து, இரண்டாம் நாளே புதிய ஊடகத்துக்கு மாற்றுவது பலன் தரும். கரித்தூளும் சாற்றை உறிஞ்சும், ஆனால் ஹார்மோனையும் சேர்த்து உறிஞ்சிவிடும்.

ஐந்து வாரத்துக்கு ஒரு முறை ஒன்று நான்காகும் என்று வைத்துக்கொண்டால் 25 வாரத்தில் ஒரு கணு 1024 செடி. எல்லாச் செடிக்கும் இந்தப் பாடு தேவையில்லை. கற்பூரவல்லியையும் ஆடாதோடையையும் ஒடித்து நட்டால் போதும், துளசிக்கு விதை போதும். விதை சரியாக முளைக்காத சிறுகுறிஞ்சான், காட்டில் தோண்டித் தோண்டிக் குறைந்துபோன சர்ப்பகந்தா, நோய் தொற்றிய கிழங்கு வழியே நோயையும் பரப்பும் இஞ்சிக் குடும்பத்துச் செடிகள், இவற்றுக்கே இந்தத் தொழில். சிங்கப்பூருக்கு இன்னொரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. ஊரிலிருந்து மண்ணோடு செடியைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட முடியாது. இறக்குமதி அனுமதியும் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். ஆகவே இங்கே சட்டப்படி இருக்கும் நல்ல செடி ஒன்றைப் பெருக்குவதே அறிவுடைமை.

நிலவேம்பின் பதில்

இப்போது சந்தேகத்துக்கு வருவோம். நிலவேம்பு நமக்குக் குடிநீர், மலாய்க்காரர்களுக்கு ஹெம்பெடு பூமி, சீனர்களுக்குச் சுவான் சின் லியான். மூன்று சமூகத்துக்கும் அதன் அடையாளம் ஒன்றுதான்: கசப்பு. அந்தக் கசப்புக்கு முதன்மைக் காரணம் ஆண்ட்ரோகிராஃபோலைட் என்ற பொருள். 1960களின் பிற்பகுதியில் நிலவேம்புத் திசுவைக் காலஸாக வளர்த்து, அதில் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தார்கள். அதில் எதிர்பார்த்த ஆண்ட்ரோகிராஃபோலைட் இல்லை. பனிகுலைட் என்று பெயரிடப்பட்ட மூன்று பொருள்கள் இருந்தன. ஆண்ட்ரோகிராஃபோலைட் 20 கரிம அணுக்களில் கட்டப்படும் குடும்பம். பனிகுலைட் 15 கரிம அணுக்களில் கட்டப்படும் வேறு குடும்பம். அதே செடி, அதே மரபணு, ஆனால் வேறு சரக்கு.

என் கேள்வியைத் திருப்பிப் போட்டது இந்தச் செய்திதான். அதுவரை "லேபா, மண்ணா" என்பதே கேள்வி என்று தோன்றிக்கொண்டிருந்தது. நிலவேம்புக் காலஸில் மருந்து இல்லாமல் போனதற்குச் சர்க்கரையும் காரணமில்லை, கண்ணாடியும் காரணமில்லை. அங்கே இலை இல்லை. இலை என்பது வெறும் பச்சைத் தகடு அன்று. தனித்தனி வேலைக்குப் பிரிந்த பல வகைச் செல்கள் அடுக்காக உட்கார்ந்த ஒரு பட்டறை. காலஸில் செல்கள் பெருகும், ஆனால் எதுவும் எந்த வேலைக்கும் பிரியவில்லை. பட்டறை இல்லாத இடத்தில் ஆட்கள் மட்டும் கூடி நிற்கிறார்கள்.

நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளுக்குக் கீழே பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணி இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. இரத்தப் புற்றுக்கும் நிணநீர்ப் புற்றுக்கும் மருந்தான வின்கிரிஸ்டினும் வின்பிளாஸ்டினும் அதன் இலையிலிருந்து வருபவை. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறத்தாழ அரை டன் காய்ந்த இலை வேண்டும். இவ்வளவு அரிதான மருந்தைத் தொட்டியில் செல் வளர்த்து எடுத்துவிடலாம் என்று பல பத்தாண்டுகள் முயன்றார்கள். வின்பிளாஸ்டின் இரண்டு பாதிகள் சேர்ந்தது: கேதரந்தின், விண்டோலின். கேதரந்தினைக் காலஸ் செய்தது. விண்டோலினைச் செய்ய மறுத்துவிட்டது. காரணம் பின்னால் புரிந்தது. விண்டோலினின் முதல் படிகள் இலை நரம்பை ஒட்டிய செல்களிலும், நடுப்படிகள் மேல்தோல் செல்களிலும், கடைசிப் படிகள் பால் ஊறும் தனிச் செல்களிலும் நடக்கின்றன. அதற்கு வெளிச்சமும் வேண்டும். செய்த பிறகும் கேதரந்தின் இலையின் மேல் மெழுகில் போய்ப் படிகிறது, விண்டோலின் உள்ளே தங்கிவிடுகிறது. இரண்டும் சந்திப்பது அரிது, அதனால்தான் அரை டன்னுக்கு ஒரு கிராம். 2022இல் ஈஸ்ட்டுக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட படிகளைப் புகுத்தி இந்த இரண்டு பாதிகளையும் செய்ய வைத்தார்கள். செடியின் செல்லைத் தொட்டியில் பெருக்கி முடியாததை ஈஸ்ட்டிடம் வேலை வாங்க வேண்டியதாயிற்று.

அப்படியென்றால் செல் வளர்ப்பே வீணா என்றால் அதுவும் இல்லை. 1983இல் ஜப்பானில் மிட்சுயி நிறுவனம் ஷிகோனின் என்ற சிவப்புச் சாயத்தை, மருந்தாகவும் பயன்படுகிற அதை, தொட்டியில் வளர்த்த செல்களிலிருந்து எடுத்து விற்கத் தொடங்கியது. அங்கே வேலை செய்தது ஊடகம். முதல் தொட்டியில் செல்கள் பெருக ஒரு ஊடகம், இரண்டாவது தொட்டியில் சாயம் சுரக்க இன்னொன்று. ஷிகோனினுக்கு அம்மோனியம் ஆகாது, வெளிச்சமும் ஆகாது. இரண்டையும் நீக்கினால் செல்கள் சிவந்துவிடும். நம் எம்எஸ் ஊடகத்திலோ லிட்டருக்கு 1650 மி.கி. அம்மோனியம் நைட்ரேட் இருக்கிறது. செடியைப் பெருக்குவதற்கு உகந்தது மருந்தைச் சுரக்க வைப்பதற்கு உகந்ததாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை என்று இதிலிருந்தே தெரிகிறது. வேரில் சரக்கு இருக்கும் அமுக்கரா போன்றவற்றுக்கு, ஒரு மண் பாக்டீரியாவைக் கொண்டு தூண்டிய முடிவேர்களை வளர்க்கிறார்கள். அங்கே வேர் வேராகவே இருப்பதால் வேரின் சரக்கும் வருகிறது.

கணு மொட்டிலிருந்து வளர்த்த செடி இந்தச் சிக்கலில் மாட்டாது. அது காலஸ் நிலைக்கே போகவில்லை; தண்டு தண்டாகவே, இலை இலையாகவே வளர்கிறது. நீர்ப்பிரமித் தளிரில் போத்தலுக்குள்ளேயே அதன் சரக்கான பாக்கோசைடு இருக்கும். வல்லாரையின் சரக்கான ஆசியாட்டிகோசைடு காலஸில் அற்பம், இலையில் மிகுதி. அதற்காக வீரியம் கூடிவிட்டது என்பதும் தப்பு. இந்தப் பொருள்களில் பல செடி தன்னைப் பூச்சியிடமிருந்தும் கடும் வெயிலிலிருந்தும் காத்துக்கொள்ளச் செய்பவை. குளிரூட்டிய அறையில், மங்கிய வெளிச்சத்தில், யாரும் கடிக்காத இடத்தில் அவற்றைக் கொட்டிச் செய்ய அதற்கு என்ன தேவை வந்தது? செல் வளர்ப்புத் தொட்டிகளில் மெத்தில் ஜாஸ்மோனேட் சேர்ப்பது இதற்காகத்தான். பூச்சி கடித்தால் செடிக்குள் எழும் செய்தியைப் பொய்யாக அனுப்பி வேலை வாங்குகிறார்கள். போத்தல் தருவது எண்ணிக்கையும் ஒரே சீரும். மருந்தின் அளவைத் தாய்ச்செடியும், வெளியே வந்த பிறகு அது படும் வெயிலும் வயதும்தான் முடிவு செய்கின்றன.

ஆகவே இந்தத் தொழிலில் எல்லோரும் கவலைப்படும் ஹார்மோன் அளவைவிட, முதல் நாளில் எந்தச் செடியை வெட்டினோம் என்பதே பெரிது. மெலிந்த தாயை எடுத்தால் 1024 மெலிந்த பிள்ளைகள். தவறான இனத்தை எடுத்தால் 1024 தவறு. இங்கே பென்னிவொர்ட் என்ற பெயரில் வல்லாரையும் விற்கும், அழகுக்கு வளர்க்கும் வேறொரு நீர்ச்செடியும் விற்கும். காம்பைப் பாருங்கள்: வல்லாரையில் சிறுநீரக வடிவ இலையின் பிளவில் காம்பு சேரும்; அழகுச்செடியில் குடைபோல இலையின் நடுவில் சேரும். நீர்ப்பிரமிக்கும் வல்லாரைக்கும் பிரமி என்ற பெயர் இடத்துக்கு இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் பெயர்ப்பலகையை மட்டும் நம்பக் கூடாது. காலஸ் வழியாகச் செடி உண்டாக்குவதையும் மூலிகைக்குத் தவிர்ப்பேன். அந்த வழியில் மரபணு மாறுபாடுகள் மிகுதி, அவை இலையின் நிறத்தில் தெரியாமல் சரக்கில் மட்டும் தெரியக்கூடும். ஒரே வரிசையை முடிவில்லாமல் மாற்றி மாற்றி நடாமல், எட்டுப் பத்துச் சுற்றுக்குப் பிறகு தாய்ச்செடிக்கே திரும்பிப் போக வேண்டும்.

தாழ்வாரத்தில் நான்கு வாரம்

போத்தலில் வேர்விட்ட செடியை மண்ணில் வைத்ததும் இரண்டே நாளில் துவண்டு விழுவதுதான் அடுத்த பெரிய இழப்பு. போத்தலுக்குள் காற்று எப்போதும் ஈரம். அதனால் இலையில் மெழுகுப் பூச்சு மெல்லியது, இலைத்துளைகள் மூடப் பழகவே இல்லை, வேரில் தூவிகள் இல்லை. சர்க்கரையும் நின்றுவிட்டது. நம் ஊரின் ஈரப்பதம் இரவிலும் காலையிலும் 80 விழுக்காட்டைத் தாண்டுவதால் வறண்ட நாட்டுக்காரர்களைவிட நமக்கு இது எளிது. ஆனால் அதே செடியைக் குளிர்சாதன அறைக்குள் வைத்தால் அந்தச் சலுகை போய்விடும்.

வேரில் ஒட்டிய அகாரை அறை வெப்பத் தண்ணீரில் துளிகூட மிஞ்சாமல் கழுவ வேண்டும். மிஞ்சிய சர்க்கரைதான் மூன்றாம் நாள் தண்டழுகலாக வரும். உப்புப் போக இரண்டு முறை அலசிய தேங்காய் நார்த்தூள் 2 பங்கு, பெர்லைட் என்ற எடையற்ற வெள்ளைக் கல்பொரி 1 பங்கு. நட்டு, தெளிவான பிளாஸ்டிக் குவளையைக் கவிழ்த்து, நேர்வெயில் படாத ஆனால் வெளிச்சமான தாழ்வார ஓரத்தில் வைக்கலாம். மேற்குப் பார்த்த தாழ்வாரம் என்றால் மாலை வெயிலில் குவளைக்குள் செடி வெந்துவிடும், பாதி வெளிச்சத்தை மறைக்கும் நிழல்வலை கட்டாயம். முதல் வாரம் குவளையைத் திறக்காமல், இரண்டாம் வாரம் காலையும் மாலையும் ஒரு மணி நேரம் திறந்து, மூன்றாம் வாரம் பகல் முழுக்க, நான்காம் வாரம் குவளையே இல்லாமல். போத்தலில் வளர்ந்த பழைய இலைகள் மஞ்சளானால் கலங்க வேண்டாம்; புதிதாக வரும் இலை தடிப்பாக, மங்கலான பச்சையில் இருக்கிறதா என்பதே கணக்கு. மூன்றாம் வாரத்திலிருந்து உரம், பொட்டலத்தில் சொன்னதில் கால் பங்கு. தட்டில் தண்ணீர் தேங்க விடவே கூடாது. ஏடிஸ் கொசு முட்டையிட அந்தத் தண்ணீர் போதும், தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் தாழ்வாரத் தட்டையும் பார்ப்பார்கள்.

ஒவ்வொரு தொட்டியிலும் மூன்று செய்தி எழுதிய சீட்டு குத்தி வையுங்கள்: எந்தத் தாய், எத்தனையாவது சுற்று, போத்தலை விட்டு வெளியே வந்த தேதி. நிலவேம்பை நிழலுக்குப் பழக்கிய பின் காலை வெயிலுக்கு மாற்ற வேண்டும். மூன்று நான்கு மாதத்தில் பூ மொட்டு கட்டத் தொடங்கும். இலையில் சரக்கு உச்சத்தில் இருப்பது அந்தப் பருவத்தில்தான், பூத்துக் காய்த்த பின் இறங்கிவிடும். மொட்டு தெரிந்த வாரத்தில் ஓர் இலையைக் கிள்ளி நுனிநாக்கில் வையுங்கள். போத்தலில் பிறந்த செடிதான். அந்தக் கசப்பு நாக்கை விட்டுப் போக வெகுநேரம் ஆகும்.